மெசின் தின்ற வார்த்தை

அத்தியாயம் 11

வேலாயுதம் அந்த மெசினை ஒரு நாளும் நம்பியதில்லை. அதற்குக் காது இருக்கிறது, வாய் இருக்கிறது, முகம் இல்லை. முகம் இல்லாத ஒன்றிடம் வீட்டுச் சமாசாரத்தை எவனாவது சொல்வானா?

ஆனால் அது வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகிவிட்டது. போனுக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே, கறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஆள் போனை எடுக்காவிட்டால் அது எடுக்கும். பேசுகிறவன் பேச்சை வெளியே கேட்க விட்டபடியே டேப்பில் பிடித்து வைக்கும். பிடித்து வைத்துவிட்டேன் என்று சிவப்பு லைட்டைச் சிமிட்டும். வேலாயுதம் வேட்டி மாற்றும்போது அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் மாற்றுவார்.

வாங்கி வந்தது மகள் சீதாலெட்சுமி. சுங்கை வே எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் கொடுத்த போனஸில் அப்பாவுக்கென்று வாங்கியது. வேலாயுதத்துக்கு பங்சார் பக்கம் ஒரு கட்டடத்தில் ஜாகா வேலை. ராத்திரி முழுக்கக் காவல், பகலில் தூக்கம். "போன் அடிச்சு அடிச்சு உங்க தூக்கம் கெடுதுப்பா. இனி இதுவே எடுத்துக்கும்," என்றாள்.

முதல் நாளே சண்டை. மெசினுக்குள் அவள் பேசி வைத்திருந்த வார்த்தை, "வீட்டில் யாரும் இல்லை, பிறகு கூப்பிடுங்கள்." வேலாயுதம் குதித்துவிட்டார்.

"வீட்டுல ஆள் இல்லேன்னு திருடனுக்கு நீயே சொல்லி வைக்கிறியா? முப்பது வருசமா ஜாகா பாக்குறவன் வீட்டுலயா?"

"வேற என்னதான்பா சொல்றது?"

"ஆள் இருக்குன்னு சொல்லு. அப்பன் தூங்குறான்னு சொல்லு. உள்ளதைச் சொல்லு."

சீதா சிரித்துக்கொண்டே மாற்றிப் பேசினாள். அன்றிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு யார் போன் போட்டாலும் அவள் குரல்தான் கேட்கும். 'அப்பா தூங்குறாரு. என்ன விஷயம்னு சொல்லுங்க.'

வீட்டில் மூன்று பேர், மூன்று நேரம். மனைவி இராஜம்மா பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்க இருட்டோடு போய்விடுவாள். சீதா ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் வேலாயுதம் வருவார், அவள் வருகிற நேரத்தில் அவர் கிளம்புவார். போகப் போக மூன்று பேரும் நேரில் பேசுவதே குறைந்துபோனது. 'சோறு இருக்கு', 'தண்ணி பில்லு வந்திருக்கு', 'இன்னைக்கு ஓவர்டைம், லேட்டா வருவேன்', எல்லாம் டேப்பில். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருத்தர் குரலை ஒருத்தர் பட்டனை அமுக்கிக் கேட்டார்கள்.

போன வாரம் ஃபேக்டரியில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டிக்கொண்டிருந்த புஷ்பவல்லி திடீரென்று வீறிட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள், பிறகு அடுத்தவள் என்று லைன் முழுக்க அலறல். சூப்பர்வைசர் வந்து பேய் என்றான், மேனேஜர் வந்து நடிப்பு என்றான். புஷ்பவல்லியை வேனில் ஏற்றி சுங்கை பூலோவில் இருக்கிற அவள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சீதா மட்டும் அலறவில்லை. ஆனால் அன்று சாயந்திரம், அப்பா கிளம்புகிற நேரமாகப் பார்த்து வாசலில் வந்து நின்றாள்.

"கண்ணை மூடினாலும் கம்பி தெரியுதுப்பா. லைன்ல அடிக்கிற பஸ்ஸர் சத்தம் தலைக்குள்ளயே அடிக்குது. எனக்கும் அப்படிக் கத்தணும்போல இருக்கு."

வேலாயுதம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "வேலைன்னா அப்படித்தான் இருக்கும். தூங்கி எழுந்தா சரியாப் போயிரும்," என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு மகள் முகத்தை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

*

காலையில் வந்து குளித்து, ரோத்தியை நனைத்துக் கோப்பி குடித்து, ஜன்னல் துணியை இழுத்து மூடிப் படுத்தார். படுத்தவுடன் தூக்கம்.

தூக்கத்தில் சீதா பேசினாள். "அப்பா, தூங்குறீங்களா?" என்று கேட்டாள். அறை வாசலில் நின்று கேட்கிற மாதிரியே இருந்தது. அவர் புரண்டு படுத்து, "சரிம்மா," என்றார். வாய்விட்டுச் சொன்னார். பிறகு மறுபடியும் தூங்கிவிட்டார்.

மத்தியானம் எழுந்து கூடத்துக்கு வந்தபோது மெசினில் சிவப்பு லைட் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு அதில் தெரிந்தது இரண்டே பட்டன். சீதா அவருக்காகப் பச்சைக் காகிதம் ஒட்டியிருந்தது பேசுவதற்கு, சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது நிறுத்துவதற்கு. பச்சையை அமுக்கினார். டேப் பின்னால் சுற்றி நின்று, கரகரத்துப் பேசியது.

"அப்பா... தூங்குறீங்களா? அப்பா, போனை எடுங்கப்பா..." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "சரி, பரவால்ல. சோறு ஆக்கி வச்சிருக்கேன். மீன் கொழம்பைச் சுட வச்சுச் சாப்பிடுங்க. கேஸ் அடைச்சிட்டேன். அப்பா... நான் போறேன்."

வேலாயுதத்தின் விரல் தானாகச் சிவப்பில் போய் விழுந்தது.

போறேன்.

அந்த வீட்டில் அப்படி யாரும் சொல்வதில்லை. எந்தத் தமிழன் வீட்டிலும்தான் சொல்வதில்லை. மார்க்கெட்டுக்குப் போனாலும் 'போயிட்டு வரேன்'. மாடிக்குத் துணி காயப்போடப் போனாலும் 'வரேன்'. சீதா ஆறு வயதில் ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு "போறேம்மா" என்று படி இறங்கியபோது, இராஜம்மா பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இழுத்து வந்து, உதட்டிலேயே ஒரு தட்டுத் தட்டி, 'போயிட்டு வரேன்'னு மூன்று தடவை சொல்ல வைத்துத்தான் விட்டாள். ஸ்கூல் பஸ் போயே போய்விட்டது. அதிலிருந்து அந்தப் பெண் மறந்தும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மெசினில்கூட கடைசி வார்த்தை 'வரேன்ப்பா'தான்.

அவர் மறுபடி பச்சையை அமுக்கினார். "...நான் போறேன்." சிவப்பு.

தான் தூக்கத்தில் 'சரிம்மா' என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் வாசலில் நிற்கவில்லை. மெசினுக்குள் இருந்து கூப்பிட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதில் அவளுக்குப் போயிருக்காது. இந்தச் சனியன் பிடித்த சாமான் வாங்கி மட்டும் வைக்கும், கொடுக்காது.



ஃபேக்டரி நம்பரை இராஜம்மா சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். போட்டார்.

"ஹலோ, குட் ஆஃப்டர்நூன், ப்ளீஸ் ஹோல்ட்," என்று ஒரு பெண் சொன்னாள். உடனே டிங் டிங்கென்று பாட்டு.

"அம்மா, பாட்டு வேணாம்மா! என் மக வேலைக்கு வந்துச்சான்னு மட்டும் சொல்லும்மா!"

பாட்டு அதுபாட்டுக்குப் பாடியது. ஒரு பாட்டு முடிந்து அதே பாட்டு மறுபடி ஆரம்பித்தது. கடைசியில் மலாய்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள். பேரைக் கேட்டுவிட்டுப் போய்ப் பார்த்து வந்து, "ஹரி இனி தக் மாசோக் லா, பக்சிக்," என்றாள்.

இன்றைக்கு வேலைக்கே வரவில்லையாம்.

*

இராஜம்மா கேன்டீனிலிருந்து வந்தபோது அவர் போனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க, தூங்கலியா? சாப்பிட்டீங்களா?"

அவர் பச்சையை அமுக்கினார். இராஜம்மா கையில் பையோடு நின்றபடி கேட்டாள். 'நான் போறேன்' வந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு, "நிறுத்துங்க! நிறுத்துங்கங்கறேன்!" என்று அவர் கைக்கு முன்னால் அவளே சிவப்பை அமுக்கினாள். வெங்காயம் தரையில் உருண்டோடியது.

"அவ அப்படிச் சொல்ல மாட்டாளே! எம் பொண்ணு வாயில அந்த வார்த்தையே வராதே!"

"வேலைக்கும் போகல."

"வேலைக்கும் போகலியா? அப்புறம் எங்க போனா? நீங்க வீட்டுலதானே இருந்தீங்க? எடுக்கலியா?"

"தூங்கிட்டேன்."

"தூங்கிட்டாராம்! பொண்ணு 'எடுங்கப்பா எடுங்கப்பா'ன்னு கெஞ்சுது!"

 மகன் வாசுவுக்கு போன் போட்டார். வாசு கல்யாணமாகி ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறான். அங்கேயே ஒரு பட்டறையில் வேலை. முதலாளி கத்திக் கூப்பிட்டு, அவன் வந்து போனை வாங்கினான்.

"என்னப்பா?"

வேலாயுதம் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. பட்டறைச் சத்தத்தில் வாசு மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு, "அப்பா, அந்த மெசின் சில நேரம் திடீர்னு கட் பண்ணிரும்ப்பா. எனக்கே எத்தனை தடவை பாதியில கட் ஆயிருக்கு! அவ 'போறேன், போயி அதை வாங்கிட்டு வரேன்'னு என்னமாச்சும் சொல்லியிருப்பா. மெசின் தின்னுருக்கும்," என்றான்.

"அப்படியாடா?"

"அப்படித்தான்ப்பா. சும்மா சும்மா அம்மாவப் பயமுறுத்தாதீங்க."

"வேலைக்குப் போகலியேடா."

 "நான் மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயி அவ கூட்டாளிங்க வீட்டுல பாக்குறேன். நீங்க வீட்டுலயே இருங்க," என்று வைத்துவிட்டான்.

இராஜம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "கட் ஆயிருச்சுங்க. வாசு சொல்றான்ல. அவ வரேன்னுதான் சொல்லியிருப்பா. அந்த மெசின்தான் தின்னுருச்சு." சாமி படத்தைப் பார்த்தும் அதையே சொன்னாள். வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டும் சொன்னாள்.

வேலாயுதமும் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தார். எட்டு மாதமாக நம்பாத மெசினை இன்றைக்குப் பொய் சொல்கிறது என்று நம்பினால் போதும். ஆனாலும் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டினார்.

"எங்க?"

"இங்கதான். பாத்துட்டு வரேன்."

'வரேன்' என்பதை அழுத்திச் சொன்னார்.

*

எங்கே போகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. கால் போன இடம் ரயில் தண்டவாளம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எந்தத் தெருவில் நடந்தாலும் கடைசியில் தண்டவாளம்தான். இத்தனை வருஷமாக அதைச் சாக்கடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தவர், இன்றைக்குக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயிலில் கருங்கல் பளபளத்தது. ஒரு பழைய ஜப்பான் ரப்பர் செருப்பு கிடந்தது. நீலம். சீதாவிடம் நீலச் செருப்பு உண்டா? அவருக்குத் தெரியவில்லை. பெற்ற மகள் காலில் என்ன போடுகிறாள் என்று தெரியவில்லை.

புல் வெட்டிக்கொண்டிருந்தவன் ஒருத்தன் பார்த்துவிட்டுக் கேட்டான். "என்ன அண்ணே தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஆடு மாடு தப்பிப் போச்சா?"

"ஒண்ணுமில்லங்கறேன்ல!"

இன்றைக்கு இங்கே ஏதாவது நடந்ததா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே என்று பயம். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தெருமுனையில் பப்ளிக் போன் இருந்தது. ஒருவேளை வந்திருப்பாளோ? காசைப் போட்டு வீட்டு நம்பரைச் சுற்றினார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இராஜம்மா எங்கே போனாள்? யாரோ எடுத்தார்கள்.

"அப்பா தூங்குறாரு. என்ன விஷயம்னு சொல்லுங்க."

சீதாவின் குரல். சிரிப்போடு, தெளிவாக, காதுக்குள்.

 அது மெசின் என்று புத்திக்குத் தெரிகிறது. இருந்தாலும் காது நம்பவில்லை. காலையில் அவள் எங்கேயோ நின்று போன் போட்டபோது அவளுக்கும் இதுதானே கேட்டிருக்கும்? அவள் குரலே அவளுக்குச் சொல்லியிருக்கும், அப்பா தூங்குகிறார் என்று.

கீ என்று சத்தம் வந்தது. பேச வேண்டிய நேரம்.

"சீதா!" என்று கத்தினார். "சீதா, நான் தூங்கலம்மா! முழிச்சிட்டுத்தான் இருக்கேன். வேலைக்குப் போக வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்டுக்கு வந்துரு சாமி. அப்பா திட்ட மாட்டேன். வந்துரும்மா..."

பக்கத்தில் காத்திருந்த சீனன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலாயுதம் போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் வேர்வை இல்லை. இருந்தாலும் துடைத்தார்.

*

பொழுது சாய்கிற நேரத்தில் மாடிப்படி ஏறினார். இரண்டாம் மாடியிலேயே இராஜம்மாவின் குரல் கேட்டது. திட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டுவதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷம் அவருக்கு இதுவரை வந்ததில்லை.

சீதா கூடத்தில் நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதில் நாலு கொய்யாப்பழம். தலை கலைந்திருந்தது. காலில் நீலச் செருப்பு இல்லை, பழுப்புச் செருப்பு. அதை அவர் முதலில் பார்த்தார்.

"எங்கடி போன? எங்கடி போனேன்னு கேக்குறேன்! பஸ் ஸ்டாப்புல நின்னு நின்னு என் காலு போச்சு!"

"புஷ்பா வீட்டுக்கும்மா. அவ ஒரு மாதிரியா இருக்கான்னு சொன்னாங்க. பாத்துட்டு வரலாம்னு போனேன். நாள் பூரா அங்கதான் இருந்தேன். பழம்கூட அவ அம்மா குடுத்தாங்க."

"சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சொன்னேனே. சுங்கை பூலோ பாசார்ல இருந்து போன் பண்ணி மெசின்ல சொன்னேன்."

இராஜம்மா கணவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல! ஏண்டி, 'நான் போறேன்'னு மட்டும்தாண்டி கேட்டுச்சு! நாங்க செத்துட்டோம்! மெசின் பாதியில தின்னுருச்சாம், உங்க அண்ணன் சொல்றான்."

சீதா பையை மேசையில் வைத்தாள். பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "கட் ஆயிருச்சு போல."

"அந்த எளவ நாளைக்கே தூக்கிப் போடு!"

"போடலாம்மா."

வேலாயுதம் நாற்காலியில் விழுந்தார்.  "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மெசினில் சிவப்பு லைட் சிமிட்டுவதைப் பார்த்து, "யாரோ பேசியிருக்காங்க போல," என்று அந்தப் பக்கம் போனாள்.

"தொடாத!"

அவள் நின்றாள்.

"அது... ராங் நம்பர். நீ போயி மொகம் கழுவு."

தன் கெஞ்சல் அதற்குள் கிடக்கிறது என்று அவர் எப்படிச் சொல்வார்? வாசு இன்னும் மோட்டாரில் அலைந்துகொண்டிருக்கிறான், எந்த நேரமும் வந்துவிடுவான். 'வந்துரு சாமி' என்பதை அவன் மட்டும் கேட்டுவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதற்கு முன்னால் அழித்துவிட வேண்டும்.

சீதா குசினிக்குப் போனாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் வந்தது. இராஜம்மா குளிக்கப் போனாள். டியூட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேலாயுதம் காக்கிச் சட்டையையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு மெசின் பக்கத்தில் போய் நின்றார்.

எந்தப் பட்டன் அழிக்கிற பட்டன்? இங்கிலீஷில் என்னவோ போட்டிருந்தது. அவருக்குத் தெரிந்த பச்சையையே அமுக்கி, தன் பேச்சு வருகிற இடம் வரைக்கும் ஓட விட்டு, அங்கே வேறு பட்டனை அமுக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தார். குனிந்து காதை அதன்மேல் வைத்தார்.

"அப்பா... தூங்குறீங்களா? அப்பா, போனை எடுங்கப்பா..."

இனி பயமில்லை. அவள் குசினியில்தான் இருக்கிறாள். தண்ணீர் சத்தம் கேட்கிறது.

"...கேஸ் அடைச்சிட்டேன். அப்பா... நான் போறேன்."

விரல் பழக்கத்தில் சிவப்புக்குப் போனது. இழுத்துக்கொண்டார். ஓடட்டும். இப்போது கீ என்று கத்தி முடிந்துவிடும், அடுத்தது தன் பேச்சு.

கத்தவில்லை.

டேப் ஓடியது. மத்தியானத்திலிருந்து அவரும் இராஜம்மாவும் மாறி மாறி நிறுத்திய இடத்தைத் தாண்டி ஓடியது. அதற்குள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். பாசார் என்றாளே, பாசாரில் ஒரு சத்தம் இருக்காதா? ஒரு மீன்காரன் கத்த மாட்டானா? ஒன்றுமில்லை. மூச்சு மட்டும். உள்ளே இழுத்து, நின்று, வெளியே.

பிறகு தூரத்தில் ஒரு ஊதல்.

ரயில். வேலாயுதம் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்தார். ஊதல் நெருங்கி வந்தது. சின்ன ஸ்பீக்கர் அதிர்ந்தது. கூட்ஸ் வண்டி, ஒவ்வொரு பெட்டியாகத் தடதடத்து, காதுக்குப் பக்கத்திலேயே போனது. எந்தப் பாசாரில் போன் தண்டவாளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும்? போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டியும் போய்ச் சத்தம் தேய்ந்து அடங்கும் வரைக்கும் அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மூச்சு மறுபடி கேட்டது. இப்போது தாறுமாறாக.

அப்புறம் டொக் என்று போனை வைக்கிற சத்தம். அதற்குப் பிறகுதான் கீ.

மெசின் எதையும் தின்னவில்லை. அவள் அவ்வளவுதான் சொன்னாள்.

டேப் நிற்காமல் ஓடி அடுத்த பேச்சுக்குப் போனது. "சீதா! சீதா, நான் தூங்கலம்மா! முழிச்சிட்டுத்தான் இருக்கேன்..." தன் கிழட்டுக் குரல் தகரம் மாதிரி அலறியது. அவர் அதை நிறுத்தவில்லை. வாசு கேட்பானே என்ற நினைப்பே இல்லை.

குசினியில் தண்ணீர் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது?

சீதா குசினி வாசலில் நின்றாள். கை ஈரம் தரையில் சொட்டியது. "வந்துரும்மா," என்று மெசின் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் அசையவில்லை.

"முழுசாக் கேட்டுட்டீங்களாப்பா?" என்றாள்.

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். ஒன்றைக் கழற்றி வைத்தார். இன்னொன்றையும் கழற்றினார்.

"டியூட்டிக்கு நேரமாச்சேப்பா."

"போகல." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு. நான் முழிச்சிட்டு இருக்கேன். சொல்லு."

சீதா உட்கார்ந்தாள்.  "நான் மட்டும் இல்லப்பா..." என்று ஆரம்பித்தாள்.

போன் அடித்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அடித்தது. சீதாவின் முகம் சுவர் மாதிரி வெளுத்துப்போனது. யாரும் எடுக்காததால் மெசின் எடுத்தது.

"அப்பா தூங்குறாரு. என்ன விஷயம்னு சொல்லுங்க," என்றது சிரிக்கிற சீதா. கீ.

"சீதாம்மா..." ஒரு பொம்பளைக் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் புஷ்பவல்லி அம்மா பேசறேன். காலையில ரெண்டு பேருமாத்தானே வீட்டுல இருந்து கெளம்புனீங்க? நீ வந்துட்டியாம்மா? புஷ்பா இன்னும் வரலியே... வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா? யாராச்சும் எடுங்களேன்..."

சீதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலாயுதம் எழுந்தார். எட்டு மாதமாக, மெசின் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் அந்த போனைத் தொட்டதே இல்லை. இன்றைக்கு எடுத்தார்.

"சொல்லும்மா," என்றார். "நான் சீதா அப்பன். முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."